டி.டி. கணக்கும் டிஜிட்டல் டாலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் டாலர் காசை வெளியிடும் அமெரிக்காவின் சர்க்கிள் நிறுவனம் 2025-ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டில் 48.2 கோடி டாலர் நட்டம் அடைந்ததாகத் தங்கள் வணிகப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். எண்ணில் பிழை இல்லை. ஆனால் அந்த ஓர் எண்ணை மட்டும் தலைப்பில் வைத்து, ‘கிரிப்டோ வழிப் பணப்பரிமாற்ற நிறுவனம்’ என்ற அடைமொழியோடு செய்தியை முடித்துவிட்டதால், அந்நிறுவனம் எதில் சம்பாதிக்கிறது, சம்பாதித்ததை யாருக்குக் கொடுக்கிறது என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விட்டது. அன்று மாலையே பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்து, “மாமா, நட்டம்னு போட்டிருக்கே, கையில இருக்கிற பங்கை வித்துடவா?” என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே தங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் அந்த நட்டம். சர்க்கிள் ஜூன் 5 அன்று நியூயார்க் பங்குச்சந்தையில் அடியெடுத்து வைத்தது. 31 டாலருக்கு வெளியிடப்பட்ட பங்கு முதல் நாளே 83 டாலரில் முடிந்து, அந்த மாதத்துக்குள்ளேயே ஒரு கட்டத்தில் 290 டாலரையும் தாண்டியது. பட்டியலிடப்பட்டால் ஊழியர்களுக்குச் சேர வேண்டும் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்த பங்குகளின் மதிப்பு 42.4 கோடி டாலர், பங்கு விலை ஏறியதால், பங்காக மாற்றத்தக்க கடன் பத்திரங்களின் மதிப்பில் கூடியது 16.7 கோடி டாலர் என, மொத்தம் 59.1 கோடி டாலர் அந்த ஒரே காலாண்டின் செலவில் எழுதப்பட்டது. இதில் ரொக்கமாக வெளியே போனது எதுவும் இல்லை. அடுத்த காலாண்டில் இதே அளவில் வரப்போவதும் இல்லை. எனவே இந்த நட்டத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. கவலைப்பட வேண்டிய இடம் அதே அறிக்கையில் வேறு வரிகளில் இருக்கிறது.

நான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொதுத்துறை வங்கி ஒன்றில் வேலை பார்த்தவன். பொறியியல் கலந்தாய்வுக்கு டி.டி. எடுக்க வரும் பெற்றோர், காலை பத்து மணிக்கு முன்பே வாசல் வரை வரிசையில் நிற்பார்கள். பணத்தோடு கமிஷனையும் வாங்கிக்கொண்டு தாளைக் கையில் கொடுப்போம். அது போய்ச் சேர்ந்து, உரியவர் கணக்கில் வரவாகும் வரை, அந்தத் தொகை வங்கியிடமே வட்டியின்றிக் கிடக்கும். அரையாண்டுக் கணக்கு முடிக்கையில், இன்னும் பணமாகாத டி.டி.களின் பட்டியலை வரி வரியாக டிக் அடித்துச் சரிபார்ப்பது பல ஆண்டுகள் என் மேசையில் இருந்த வேலை. யாரோ எடுத்து, எங்கோ மறந்துபோன ஐந்நூறும் ஆயிரமும் சேர்ந்து பெருந்தொகையாக நிற்கும். கமிஷன் கண்ணுக்குத் தெரிந்த வருமானம். இப்படி நின்ற பணம் கண்ணுக்குத் தெரியாத வருமானம்.

சர்க்கிளின் தொழில் கிட்டத்தட்ட இதுதான். ஒரு டாலரைப் பெற்றுக்கொண்டு யு.எஸ்.டி.சி. என்னும் ஸ்டேபிள்காயின் (எப்போதும் ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி அமைத்த டிஜிட்டல் காசு) ஒன்றைக் கொடுக்கிறது. பெற்ற டாலரை அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும் வங்கிகளிலும் வைக்கிறது. பெரும்பகுதியைப் பிளாக்ராக் நிறுவனம் நிர்வகிக்கும் நிதியம் ஒன்று பார்த்துக்கொள்கிறது. வரும் வட்டி சர்க்கிளுக்கு. காசை வைத்திருப்பவருக்குச் சர்க்கிள் வட்டி தருவதில்லை. அந்தக் காசு ஒரு நாளில் நூறு கை மாறினாலும் அதற்கான கட்டணம், கை மாறுவதைப் பதிவு செய்யும் பிளாக்செயின் என்ற கணினி வலையமைப்பை நடத்துவோருக்குப் போகுமே தவிர, சர்க்கிளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைப்பதில்லை. விசா நிறுவனம் அட்டை தேய்க்கப்படும் ஒவ்வொரு முறையும் வருமானம் காண்கிறது. சர்க்கிளுக்கோ, காசு நகராமல் அப்படியே கிடந்தாலும் அதே வருமானம்தான். 2024-இல் அதன் மொத்த வருவாய் 167.6 கோடி டாலர். அதில் வட்டி அல்லாத வருவாய் ஒன்றரைக் கோடி டாலர் அளவே.

இதற்குச் சான்றாக மூன்று ஆண்டுக் கணக்கை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். 2022 முடிவில் புழக்கத்தில் இருந்த யு.எஸ்.டி.சி. ஏறத்தாழ 4,450 கோடி டாலர். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி வீழ்ந்தபோது சர்க்கிளின் 330 கோடி டாலர் அங்கே மாட்டிக்கொள்ள, ஒரு டாலர் மதிப்புள்ள காசு அந்த வார இறுதியில் 88 சென்ட் அளவுக்குச் சரிந்தது. வங்கியின் வைப்புகள் அனைத்துக்கும் அரசு பொறுப்பேற்றதால் பணம் தப்பியது என்றாலும் பலர் விலகிப்போனார்கள்; ஆண்டு முடிவில் புழக்கம் 2,440 கோடி டாலராகச் சுருங்கியிருந்தது. சரக்கு பாதியாகக் குறைந்த கடையில் வியாபாரமும் குறையும் என்றுதானே நினைப்போம்? வருவாயோ 77 கோடியிலிருந்து 145 கோடி டாலராக, ஏறத்தாழ இரட்டிப்பானது. காரணம், 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மைய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலைக்குள் 5.25 – 5.50 சதவீதத்தைத் தொட்டிருந்ததுதான். நிர்வாகத்தின் திறமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஆண்டின் வருவாயை நிர்ணயித்தது வாஷிங்டனில் எடுக்கப்பட்ட முடிவு என்பதை வாசகர் அறிய வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன். 2024-இல் அந்த விகிதம் ஒரு சதவீதம் இறங்கியது. புழக்கமோ மீண்டும் கூடி அந்த ஆண்டு முடிவில் ஏறத்தாழ 4,400 கோடி டாலராக இருந்தது. அதற்கு ஒரு சதவீதம் என்றால் ஆண்டுக்கு 44 கோடி டாலர் என்ற கணக்கைப் போட்டுப் பார்க்கப் பள்ளி மாணவனே போதும்.

எனக்கு மிகவும் உறுத்துவது அடுத்த வரி. 2024-இல் வருவாய் 16 சதவீதம் கூடியும், நிகர லாபம் 26.8 கோடியிலிருந்து 15.6 கோடி டாலராக விழுந்தது. வட்டியாக வந்ததில் 101 கோடி டாலர், அதாவது பத்தில் ஆறு பங்கு, காசைப் பரப்பிக் கொடுத்தவர்களுக்குப் போய்விட்டது. அதிலும் 90 கோடிக்கு மேல் காயின்பேஸ் என்ற ஒரே கிரிப்டோ வர்த்தகத் தள நிறுவனத்துக்கு. சர்க்கிள் தன் பங்காக ஒரு சிறு பகுதியை முதலில் எடுத்துக்கொள்ளும். பிறகு காயின்பேஸ் தளத்தில் உள்ள காசுக்கான வட்டி முழுவதும் காயின்பேஸுக்கு, வேறு இடங்களில் உள்ளதற்கு மீதியில் பாதி. யு.எஸ்.டி.சி.யை 2018-இல் இருவரும் கூட்டாகத் தொடங்கியவர்கள் என்பதால் இப்படியொரு ஒப்பந்தம் அமைந்தது. பைனான்ஸ் (Binance) என்ற இன்னொரு கிரிப்டோ வர்த்தகத் தளத்துக்கும் 2024 இறுதியில் ஆறு கோடி டாலருக்கு மேல் முன்பணமாகக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் டி.டி. விற்ற காலத்தில், நின்ற பணத்தின் பலனில் பாதியைக் கவுன்ட்டர் போட்டுக் கொடுத்தவருக்கு அளக்க வேண்டியிருந்தால் வட்டார அலுவலகம் எங்களை என்ன கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இந்தப் பின்னணியோடு இரண்டாம் காலாண்டைப் பார்க்க வேண்டும். புழக்கம் ஓராண்டில் 90 சதவீதம் உயர்ந்து 6,130 கோடி டாலரானது. இது உண்மையிலேயே பெரிய வளர்ச்சி. அதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டி வருவாய் 50 சதவீதமே கூடி 63.4 கோடி டாலரில் நின்றது; இருப்பில் கிடைத்த வட்டி விகிதம் ஒரு சதவீதத்துக்கும் சற்று மேல் இறங்கி 4.1 ஆனதே காரணம். பரப்பும் செலவோ 64 சதவீதம் ஏறி 40.7 கோடி டாலரைத் தொட்டது. பணம் வரும் வேகத்தைவிடக் கூட்டாளிகளுக்குக் கொடுக்கும் வேகம் அதிகமாக இருக்கிறது. தங்கள் செய்தியின் தலைப்பாக இதுவே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2025 ஜூலை 18 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான ஜீனியஸ் என்ற ஸ்டேபிள்காயின் சட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஸ்டேபிள்காயின் வெளியிடுவோர் ஒவ்வொரு காசுக்கும் ஈடாக ரொக்கமோ குறுகிய காலப் பத்திரமோ வைத்திருக்க வேண்டும், இருப்பை மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. 2023 மார்ச் அனுபவத்துக்குப் பின் இது வரவேற்கத்தக்கது. அதே சட்டம் காசை வைத்திருப்போருக்கு வெளியிடுபவர் வட்டி தரக் கூடாது என்றும் தடுக்கிறது. வட்டி முழுவதும் நிறுவனத்துக்கே என்ற ஏற்பாட்டுக்குச் சட்டமே காவல் நிற்பதால் சர்க்கிளுக்கு இது நன்மை. ஆனால் வாடிக்கையாளரைத் தானே நேரடியாக ஈர்க்க முடியாமல், சன்மானம் என்ற பெயரில் தம் பயனாளர்களுக்கு ஏதோ ஒன்றைத் தரக்கூடிய காயின்பேஸ் போன்ற தளங்களையே மேலும் சார்ந்திருக்க நேரும்.

நிறுவனமும் இதை உணர்ந்தே இருக்கிறது. வங்கிகளை இணைக்கும் சர்க்கிள் பேமென்ட்ஸ் நெட்வொர்க், ஆர்க் என்ற சொந்த பிளாக்செயின் என்று கட்டணம் வரும் வழிகளைத் தேடத் தொடங்கியிருக்கிறது. அவற்றின் பலன் அறிக்கையில் ‘பிற வருவாய்’ என்ற வரியில்தான் தெரியும். இரண்டாம் காலாண்டில் அது 2.4 கோடி டாலர். மொத்த வருவாயான 65.8 கோடியில் நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

என் தங்கை மகனிடம் விற்கவும் சொல்லவில்லை, வைத்திருக்கவும் சொல்லவில்லை. எந்த வரிகளைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறித்துக் கொடுத்தேன். அயல்நாட்டுப் பங்குகளைக் கைபேசி வழியே வாங்கும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்கள் வணிகப் பக்கமே முதல் செய்தி. எனவே அடுத்த காலாண்டு முடிவு வரும்போது, லாபமோ நட்டமோ எதுவானாலும், வட்டி வருவாய், பரப்பும் செலவு, பிற வருவாய் ஆகிய மூன்றையும் முந்தைய ஆண்டின் எண்களோடு ஒரு சிறு பெட்டியிலாவது அச்சிட வேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கும்பகோணம்.