காவோலை வெட்டும் முன்

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. மதினிக்கு முட்டுவலி குறைந்ததில் நிம்மதி. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும் சந்தோஷம். ஆனால் கடைசியில், வடக்கு வரப்புப் பனைகளில் காவோலை வெட்ட ஆள் சொல்லியிருப்பதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

நாலாம் வகுப்பில் ஆடிக் காற்று நேரம், அதே பனையடியில் ஒரு குருவி கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், கவைபோல வால், அரிவாளாக வளைந்த இறக்கை. தரையில் விட்டால் இறக்கையைப் பரப்பிக்கொண்டு அப்படியே கவிழ்ந்து கிடந்தது. கால் ஒடிந்துவிட்டது என்று நீ அழுதாய். அம்மா நொய்யரிசி போட்டாள், அது தொடவே இல்லை. அப்புறம் நீ மச்சில் ஏறிக் கையை விரித்ததும் விருட்டென்று போய்விட்டது.

அதன் கால் ஒடியவே இல்லையடா. அது பனை உழவாரன். உழவாரன் வகைக்குக் காலே அவ்வளவுதான். ஓலையிலோ சுவரிலோ நகத்தால் தொற்றிக்கொள்ளலாம், நடக்க முடியாது, கம்பியில் உட்காரவும் முடியாது. கம்பியில் வரிசையாக உட்காருமே, அது தகைவிலான், வேறு இனம். நாம் இரண்டையும் ஒன்றாகவே நினைத்திருந்தோம். நொய்யரிசியை ஏன் தொடவில்லை என்பதும் இப்போதுதான் புரிகிறது. அலகு இத்தனூண்டு, ஆனால் வாயைத் திறந்தால் கண்ணுக்கு அடிவரை பிளக்கும். பறந்தபடியே ஈசல், கொசு, சின்ன ஈ என்று வாரிக்கொள்ளும். குஞ்சு இருக்கும்போது பிடித்த பூச்சிகளை எச்சிலால் உருட்டித் தொண்டையில் அடக்கிக்கொண்டு வரும். ஐரோப்பாவில் உள்ள உழவாரனின் ஓர் உருண்டையிலேயே நூற்றுக்கணக்கான பூச்சிகள் இருக்குமாம். அந்த இனத்தின் முதுகில் குட்டிக் கருவி கட்டிப் பார்த்து, சில பறவைகள் பத்து மாதம் தரையிறங்காமலே பறந்திருக்கின்றன என்று சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2016இல் சொன்னார்கள். தூக்கமும் வானத்திலேதான் போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் இங்கே, அமெரிக்காவின் ஃப்ரீமாண்ட் நகரில், மகள் வீட்டுச் சமையலறை ஜன்னல். ஒரு பங்கு சர்க்கரைக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து ஒரு குப்பியில் ஊற்றித் தொங்கவிட்டிருக்கிறாள். சாயமோ தேனோ சேர்க்கக் கூடாது. அதற்கு ஓசனிச்சிட்டு வருகிறது, இங்கே ஹம்மிங்பேர்ட் என்பார்கள். எடை நாலு கிராம்தான் இருக்கும். முதலில் வண்டு இரைவதுபோல் சத்தம், திரும்பிப் பார்த்தால் காற்றில் அசையாமல் நிற்கிறது. குடித்து முடித்ததும் திரும்பாமல் அப்படியே பின்னால் பறந்து போகிறது! ஆணின் கழுத்து கறுப்பாகத் தெரியும். வெயில் பட்ட நொடியில் ரோஜா நிறத்தில் தகதகக்கும்.

ஒருநாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் நின்றது. நூல் மாதிரி ஒரு நாக்கு உள்ளே போவதும் வருவதுமாகத் துடித்தது. அந்த நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்குமாம். தேனுக்குள் போனதும் ஓரத்து இழைகள் விரியும், வெளியே இழுக்கும்போது சுருண்டு தேனை உள்ளே பூட்டிக்கொள்ளும். தேனோடு நிற்பதும் இல்லை, சின்னப் பூச்சி, சிலந்தி எல்லாம் பிடித்துத் தின்னும். குளிர்ந்த ராத்திரிகளில் உடம்புச் சூட்டையும் இதயத் துடிப்பையும் தானே இறக்கிக்கொண்டு மரக்கட்டைபோல் கிடக்கும். இல்லாவிட்டால் விடிவதற்குள் பசியிலேயே செத்துப்போகவும் கூடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுச் செம்பருத்தியில் வரும் தேன்சிட்டுதான் இதற்குச் சொந்தம் என்று நினைத்தேன். இரண்டுக்கும் மெல்லிய நீண்ட அலகு, மினுமினுப்பு, தேன் குடிக்கிற பழக்கம். ஆனால் தேன்சிட்டு காக்கை, சிட்டுக்குருவி வகையறா. ஓசனிச்சிட்டின் நெருங்கிய சொந்தம் உழவாரன்! இரண்டுக்கும் கால் சின்னது. இரண்டுக்கும் இறக்கையில் மேற்கை எலும்பு கட்டை, மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள பகுதி நீளம். அந்த ஒரே அமைப்பை வைத்துக்கொண்டு ஒன்று பூ முன்னால் நிற்கிறது, இன்னொன்று வானத்தை வெட்டிக்கொண்டு போகிறது. ஓசனிச்சிட்டு இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் உண்டு. நம் பக்கத்தில் அதற்கு ஒட்டும் உறவும் என்றால் உன் பனையில் இருப்பவன்தான்.

அவன் கூடு கட்டுவது ஓலையின் அடிப்பக்கத்து மடிப்பில். பஞ்சையும் இறகையும் எச்சிலால் ஒட்டிய சின்னக் கிண்ணம், இரண்டு மூன்று முட்டை. கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஆகவே ஆள் வருவதற்கு முன், இரண்டு சாயங்காலம் வரப்பில் போய் நில். கீச்கீச்சென்று கூட்டமாக வட்டமடித்து எந்தப் பனைக்குள் அடைகிறதோ, அதற்கு ஒரு சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிடு. அந்த மரங்களை மட்டும் இந்த வருஷம் விட்டுவிடச் சொல். வேலியடைக்க ஓலை போதாவிட்டால் என் பங்கு மரங்களில் ஏறட்டும், அதையும் முதலில் பார்த்துவிட்டுத்தான்.

எத்தனை மரத்தில் பொட்டு வைத்தாய் என்று எழுது. தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன்.

அன்புடன்,
கணபதி