உரிமம் போகும் முன் ஒலிபரப்புங்கள்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் சிற்றூர்களின் ஏஎம் வானொலி நிலையங்கள் சத்தமில்லாமல் மூடிக் கிடப்பது வருத்தமளிக்கிறது. அங்குள்ள சட்டப்படி, ஒரு நிலையம் தொடர்ந்து 12 மாதம் ஒலிபரப்பாவிட்டால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி விதிவிலக்கு தரலாம்தான்; ஆனால் அதை நம்பிக் காத்திருக்க முடியாது.

உரிமையாளர்களின் கஷ்டம் புரிகிறது. ஏஎம் கோபுரத்துக்கு நிறைய நிலம் வேண்டும், மண்ணுக்கடியில் செம்புக் கம்பிகளைப் பரப்ப வேண்டும். அந்தச் செம்பையும் திருடிவிடுகிறார்கள். ஆனால் புதுக் கோபுரம் எழும்பும்வரை சும்மா இருக்கத் தேவையில்லை. தற்காலிக அனுமதி பெற்று, நீளமான கம்பியொன்றை ஆன்டெனாவாகக் கட்டி, குறைந்த திறனில் ஒலிபரப்பலாம். அனுமதி கிடைக்கவும் நாளாகும் என்பதால் கடைசி வாரம்வரை தள்ளிப்போடக் கூடாது. பேருக்கு ஒரு நாள் ஒலிபரப்பிவிட்டு மறுபடி மூடினால், உரிமம் புதுப்பிக்கும்போது சிக்கல்தான்.

நடத்தவே முடியாது என்றால் சரி, உள்ளூர்க் கல்லூரிக்கோ புலம்பெயர்ந்தோர் அமைப்புக்கோ உரிமத்தை மாற்றிக் கொடுங்கள். அதற்கும் எஃப்சிசி ஒப்புதல் வேண்டும், ஆகவே இப்போதே விண்ணப்பியுங்கள்.

- ஒரு வாசகர், நியூ ஜெர்சி