கராஜ் கதவைப் பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்று தொலைபேசியில் பேசியபோது, கராஜ் கதவு சில நாட்களாகப் பாதியில் நின்று நின்று ஏறியதாகவும், மாப்பிள்ளை மோட்டார் பெட்டியில் இருந்த விசைத் திருகுகளைச் சற்றுக் கூட்டி வைத்த பிறகு தடையில்லாமல் ஏறி இறங்குவதாகவும், கிரீச்சென்ற சத்தம் மட்டும் மிச்சம் இருப்பதால் அதற்கு எண்ணெய் போட்டால் போதுமா என்றும் கேட்டாய். போகிற போக்கில் நீ சொன்ன அந்தச் செய்தி இரவு முழுவதும் என் மனத்தை விட்டு அகலவில்லை. தொலைபேசியில் விளக்கினால் பாதி காதில் விழும், மீதி மறந்துபோகும் என்பதால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளையும் இதைப் படிக்க வேண்டும்.

கதவைத் தூக்குவது மோட்டார் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கதவின் எடையைச் சுமப்பது, கதவுக்கு மேலே இரும்புத் தண்டில் கோத்திருக்கும் சுருள் ஸ்பிரிங்தான். உங்களுடையது இரண்டு கார் நிற்கும் அகலக் கதவு. அத்தகைய இரும்புக் கதவு 60 கிலோவிலிருந்து 100 கிலோ வரை இருக்கும், மரமானால் அதற்கும் மேலே போகும். ஸ்பிரிங் சரியாக முறுக்கேற்றப்பட்டிருந்தால் அவ்வளவு எடையும் கையில் தெரியாது. மோட்டாரின் வேலை, ஏற்கெனவே எடையிழந்து நிற்கும் கதவைப் பிடித்து இழுத்துச் செல்வது மட்டுமே. ஆகவே கதவு ஏறத் திணறுகிறது என்றால், பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது கதவின் ஓரச் சக்கரங்களான ரோலரோ, அவை ஓடும் தடமான டிராக்கோ எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் திருகைக் கூட்டுவது, காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை மறைத்து வைப்பதைப் போன்றதாகும்.

அதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. பழைய வகை மோட்டார்களில் ஏறும் விசைக்கு ஒன்று, இறங்கும் விசைக்கு ஒன்று என இரண்டு திருகுகள் இருக்கும். இறங்கும் கதவு எதன் மீதாவது பட்டால், அந்தத் தடையை உணர்ந்து மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும். இறங்கும் விசையைக் கூட்டக் கூட்ட, தடையை உணர்வதற்கு முன் கதவு எவ்வளவு அழுத்தும் என்பதும் கூடுகிறது. நீ "திருகுகள்" என்று பன்மையில் சொன்னாய். இரண்டையும் திருப்பியிருந்தால், இதைப் படித்து முடித்தவுடன் பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல். பேத்தி நடக்கத் தொடங்கி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை என்பதை நான் உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது படிப்பால் அன்று. நீ கல்லூரி விடுதியில் இருந்த ஆண்டு, ஒரு விடியற்காலையில் கராஜிலிருந்து வெடிபோல ஒரு சத்தம் கேட்டது. அலமாரி சரிந்துவிட்டது என்று எண்ணி ஓடிப் பார்த்தேன். எதுவும் கீழே விழுந்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், கதவு ஒரு சாண் ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டது. மீண்டும் அழுத்தினேன், மீண்டும் அழுத்தினேன். மோட்டார் உறுமியதே ஒழியக் கதவு அசையவில்லை. அப்போதுதான் தலையை உயர்த்தி மேலே பார்த்தேன். நெருக்கமாகச் சுற்றியிருந்த ஸ்பிரிங்கின் நடுவே மூன்று விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. மோட்டாருக்கு நேர் கீழே, தரையில், மாவு சலித்துக் கொட்டியதுபோல வெள்ளைத் தூள் கிடந்தது. மோட்டாருக்குள் இருக்கும் நைலான் பல்சக்கரம், தன்னால் தூக்க முடியாத எடையைத் தூக்க முயன்று அரைந்து உதிர்ந்த தூள் அது. அதற்கு முந்தைய பல வாரங்களாக அந்தக் கதவு திணறிக்கொண்டுதான் இருந்தது. நானும் மாப்பிள்ளையைப் போலவே திருகைத்தான் கூட்டி வைத்திருந்தேன்.

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. சாதாரணமாக வீடுகளில் மாட்டப்படும் ஸ்பிரிங் சுமார் 10,000 சுற்றுக்குக் கணக்கிட்டுச் செய்யப்படுகிறது. ஒரு முறை திறந்து மூடுவது ஒரு சுற்று. நாளொன்றுக்கு நான்கு முறை திறந்து மூடினால் 2,500 நாட்கள், அதாவது ஏழு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. நீங்கள் அந்த வீட்டை வாங்கியே ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்ற குறிப்பு எதுவும் உங்களிடம் இல்லை. ஆகவே அந்த ஸ்பிரிங் தன் ஆயுளின் கடைசிப் பகுதியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வதே சரி.

இனி சமநிலைச் சோதனைக்கு வருகிறேன். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. கதவை முழுவதும் மூடு. பேத்தியை வீட்டுக்குள் யாரிடமாவது விட்டுவிடு. மோட்டாரின் மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகு, மோட்டாரிலிருந்து வாசல் வரை மேலே நீளும் தண்டவாளத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழு. கதவு மோட்டாரிலிருந்து விடுபடும். கதவு மூடியிருக்கும்போது மட்டுமே இந்தக் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதே. கதவு மேலே இருக்கும்போது இழுத்தால், ஸ்பிரிங் ஒருவேளை முறிந்திருந்தாலோ தளர்ந்திருந்தாலோ அவ்வளவு எடையும் கீழே வந்துவிடும். பிறகு கைப்பிடியைப் பற்றிக் கதவை மெதுவாக இடுப்பளவுக்கு உயர்த்திப் பார். கைப்பிடியைத் தவிர வேறு எங்கும் பிடிக்காதே. பலகைகள் சேரும் இடுக்கில் விரல் வைத்தால், கதவு நிமிரும்போது அந்த இடுக்கு மூடி விரலை நசுக்கிவிடும். கதவு சரியாக இருந்தால், கையை மெல்லத் தளர்த்தும்போது அது அந்த உயரத்திலேயே நிற்கும், அல்லது ஓரிரு விரற்கடை அசையும். கீழே இழுத்துக்கொண்டு போனால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. தானாக மேலே பாய்ந்தால் முறுக்கு மிகுந்திருக்கிறது. தொடக்கத்திலேயே தூக்க முடியாத அளவுக்குக் கனத்தால், வலிந்து தூக்காமல் அப்படியே இறக்கிவிட்டுப் பணியாளரை அழைத்துவிடு. உன் கை உணரும் அந்தக் கனத்தைத்தான் இத்தனை நாட்களாக மோட்டார் உன்னிடம் காட்டாமல் சுமந்து வந்திருக்கிறது.

சோதனையில் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது தெரிந்தால், மாப்பிள்ளையின் கை துறுதுறுக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் கைத்திறன் உள்ளவர். குளியலறைக் குழாய் முதல் சமையலறை அலமாரி வரை அவரே சரிசெய்வதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் இந்த ஒரு வேலையில் அவர் கை வைக்கக்கூடாது என்று மாமனாராக அன்றித் தந்தையாகவே கேட்டுக்கொள்கிறேன். ஏழடி உயரக் கதவின் ஸ்பிரிங்குக்கு ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்கேற்றியிருப்பார்கள். கதவு மூடி அமைதியாக நிற்கும் நேரத்தில்தான் அந்த முறுக்கு முழுமையாக இருக்கிறது. எனவே பார்ப்பதற்கு எதுவும் நடக்காததுபோலத் தோன்றும் நேரமே மிகவும் ஆபத்தான நேரம். அதைத் தளர்த்துவதற்கென்றே அளவெடுத்துச் செய்த கெட்டி இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக ஸ்குரூடிரைவரைச் செருகித் திருப்ப முயல்பவர்களின் கையிலிருந்து அது நழுவினால், மணிக்கட்டையோ முகத்தையோ தாக்கும் வேகத்தைத் தடுக்க எவராலும் முடியாது. முறையாகக் கற்ற பணியாளர் வந்து செய்யட்டும். இரண்டு ஸ்பிரிங் இருந்து ஒன்று முறிந்திருந்தாலும், இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல். ஒன்றாக மாட்டப்பட்டவை ஒரே அளவுக்குத்தான் உழைத்திருக்கும்.

ஸ்பிரிங்கைத் தொடாமல் இருந்தாலும், அதே விசை காத்திருக்கும் இன்னோர் இடம் உண்டு. கதவின் அடிப்பகுதியில் இரு மூலைகளிலும் பிராக்கெட் எனப்படும் இரும்புப் பிடிப்பு ஒவ்வொன்று இருக்கும். மேலிருந்து வரும் இரும்புக் கேபிள் அதில்தான் மாட்டப்பட்டிருக்கிறது. மற்றக் கீல்களின் போல்ட்டுகளை இறுக்கும்போது, இதுவும் தளர்ந்திருக்கிறதே என்று இதன் மீது ஸ்பேனரை வைத்துவிடக் கூடாது. பல கதவுகளில் இந்தப் போல்ட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருப்பார்கள். வண்ணம் மங்கிப் போயிருந்தாலும் எச்சரிக்கை மங்கவில்லை என்று கொள். கேபிளைக் கண்ணால் மட்டும் பார். அடிமூலைக்கு அருகில், தரை ஈரம் படும் இடத்தில்தான் முதலில் துருப்பிடித்து இழை இழையாகப் பிரியும். ஓர் இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கதவை இயக்க வேண்டாம்.

அடுத்து, கதவு திரும்ப ஏறுகிறதா என்ற சோதனை. முதல் சோதனையில் கதவு நிலையாக நின்றால் மட்டும் இதைச் செய். மோட்டாரை மீண்டும் இணைத்துக் கதவைத் திறந்து வைத்து, வாசலின் நடுவில் தரையோடு தரையாக நான்கு சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு மரக்கட்டையைப் படுக்க வைத்துவிட்டு, மூடும் பொத்தானை அழுத்து. கட்டையில் பட்ட இரண்டு நொடிக்குள் கதவு திரும்ப ஏற வேண்டும். கட்டையின் மீது அமர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால், அன்றே மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பழுது தீரும் வரை கதவைக் கையால் இயக்குங்கள்.

வாசலின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்து, குறுக்கே எது வந்தாலும் உணரும் சென்சார் கண்கள் தரையிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும். ஏனெனில் தவழும் குழந்தை அதற்குக் கீழே புகுந்துவிடக் கூடாது. கதவு இறங்கும்போது நீ எட்ட நின்றுகொண்டு, துடைப்பத்தின் கம்பை அந்தக் கண்களுக்கு நடுவே நீட்டிப் பார். கதவு நின்று உடனே மேலே திரும்ப வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய சென்சாரோ அதற்கு இணையான பாதுகாப்பு ஏற்பாடோ, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு கராஜ் மோட்டார்கள் அனைத்துக்கும் சட்டப்படி கட்டாயம் ஆக்கப்பட்டது. மோட்டார் இயக்கிய கதவுகளின் அடியில் சிக்கிக் குழந்தைகள் உயிரிழந்த பிறகே அந்த விதி வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. உங்கள் மோட்டாரின் மீது ஒட்டியிருக்கும் தாளில் தயாரிப்பு ஆண்டைப் பார். சென்சாரே இல்லாத பழைய மோட்டாரானால், அதைப் பழுதுபார்க்காமல் மாற்றிவிடுங்கள். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்.

சென்சார் கண்ணில் தூசியோ சிலந்திவலையோ படிந்தாலும், யாரேனும் காலால் இடித்து அது திரும்பிப் போனாலும், ரிமோட்டை அழுத்தினால் கதவு மூடாது. சுவரில் உள்ள பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் மூடும். அவசரத்தில் அப்படிப் பிடித்து மூடுவது சில வீடுகளில் வழக்கமாகவே ஆகிவிடுகிறது. நீ அப்படிச் செய்யாதே. மெல்லிய துணியால் கண்ணைத் துடைத்து, இரண்டும் நேருக்கு நேர் பார்க்கும்படி திருப்பி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்தச் சுவர்ப் பொத்தான் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், குறைந்தது ஐந்தடிக்கு மேல் இருக்கட்டும். ரிமோட்டை விளையாட்டுப் பொருளாகப் பேத்தியின் கையில் ஒருபோதும் கொடுக்க வேண்டாம்.

நீ கேட்ட எண்ணெய்க்கு இப்போதுதான் வருகிறேன். சமையல் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ வேண்டாம். கராஜ் கதவுக்கென்றே விற்கும் சிலிக்கான் அல்லது லித்தியம் ஸ்பிரேயை வாங்கிக்கொள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கீல்களின் மூட்டிலும் ரோலர்களின் பேரிங்கிலும் சிறிதளவு அடித்து, வழிவதைத் துணியால் துடைத்துவிடு. ஸ்பிரிங்கின் மீது எட்ட இருந்தே லேசாக அடிக்கலாம். அதற்கு மேல் அதோடு நமக்கு வேலை இல்லை. ஆனால் ரோலர் ஓடும் டிராக்கின் உள்ளே கிரீஸ் தடவாதே. அதில் தூசி ஒட்டிக் களிம்பாகிக் கதவை இன்னும் இறுக்கும். டிராக்கை ஈரத்துணியால் துடைத்து உலர விட்டாலே போதும். ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்தால் கிரீச்சிடும் சத்தம் அடங்கிவிடும். அடங்காவிட்டால், ஏதோ ஒரு ரோலர் தேய்ந்து தண்டில் ஆடிக்கொண்டிருக்கலாம்.

சமநிலைச் சோதனையையும் கட்டைச் சோதனையையும் மாதம் ஒரு முறை செய்யுங்கள். பத்து நிமிடம் ஆகாது. இந்தச் சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது முதல் முறையாகச் செய்து பாருங்கள். கையைத் தளர்த்தியதும் கதவு எந்த உயரத்தில் நின்றது, எவ்வளவு கீழே இறங்கியது என்று எனக்கு எழுது. மேலே அண்ணாந்து ஸ்பிரிங்கை ஒரு படம் எடுத்து அனுப்பு. சுருள்களுக்கு நடுவே இடைவெளி எங்கேனும் இருந்தால் நான் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை காரை வெளியிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அப்பா