அப்பாவின் பெயரால் அழைக்கப்படுகிறேன்

ஆசிரியருக்கு, வணக்கம்.

பல நாட்டவர் சேர்ந்து வேலை பார்க்கும் அலுவலகங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சக ஊழியரின் மொழியில் வணக்கம் சொல்லப் பழகுங்கள், அவர்களுடைய பண்டிகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். நல்லதுதான். அதற்கெல்லாம் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது பெயர் அல்லவா? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று நிரப்பிய படிவத்தில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. எனக்கு ஏது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்து உண்டு, அவ்வளவுதான். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்று கணினி அடம்பிடித்தது. வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரை எழுதினேன். மின்னஞ்சல் பட்டியலில் அதுதான் முன்னால் வந்து நின்றது. அன்று முதல் 11 ஆண்டுகளாக நான் அலுவலகத்தில் என் அப்பா. வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. சென்ற ஆண்டு அப்பா காலமானார். ஊருக்குப் போய்க் காரியம் முடித்து மூன்று வாரம் கழித்துத் திரும்பினேன். மேசை மேல் ஓர் அட்டை இருந்தது. ஏழெட்டு நாட்டுக்காரர்கள் அவரவர் கையெழுத்தில் ஆறுதல் எழுதியிருந்தார்கள். அதன் முதல் வரியில், 'அன்புள்ள' என்பதற்கு அடுத்து, அப்பாவின் பெயர். அதற்குக் கீழே, 'உங்கள் தந்தையின் மறைவுச் செய்தி கேட்டு வருந்தினோம்.' யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் மனதார எழுதியதுதான். ஆனாலும் இறந்தவருக்கே இரங்கல் சொன்ன அந்த அட்டையை என்னால் இரண்டாம் முறை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து அலுவலகத்துக்குப் பத்து நிமிட நடை. வழியில் ஒருவர் தெருவைப் பெருக்கிக்கொண்டிருப்பார். நான் வருவதைப் பார்த்தால் துடைப்பத்தை நிறுத்திவிடுவார். தூசி என் மேல் படக்கூடாதாம். நான் கடந்து ஐந்தாறு அடி போன பிறகுதான் மறுபடியும் பெருக்கும் சத்தம் கேட்கும். அவருடைய மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. விடுப்பு முடிந்து வந்த அன்று, உள்ளங்கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினார். எங்கே போயிருந்தாய் என்ற கேள்விதான். நெஞ்சைத் தொட்டு, பிறகு வானத்தைக் காட்டினேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். இன்றுவரை அவர் பெயரை நானோ என் பெயரை அவரோ கேட்டதில்லை.

தெருவில் முகம் போதும். அலுவலகத்தில் பாதிப் பேரை நான் நேரில் பார்ப்பதே இல்லை; திரையில் ஓடும் பெயர்தான் ஆள். அங்கே அது தவறாக இருந்தால் என்ன செய்வது?

நானும் யோக்கியம் இல்லை. சீன நண்பர் ஒருவரை ஓராண்டு முழுக்க அவருடைய குடும்பப் பெயரால் மொட்டையாகக் கூப்பிட்டிருக்கிறேன். சீனர்கள், கொரியர்கள், ஹங்கேரியர்கள் எல்லாம் குடும்பப் பெயரை முன்னால் வைப்பவர்கள். வியட்நாமியரும் அப்படித்தான், ஆனால் மரியாதையாகக் கூப்பிடும்போதும் கடைசியில் உள்ள சொந்தப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். எங்கள் பிரிவில் 'நுயென்' என்ற குடும்பப் பெயர்க்காரர்கள் மூன்று பேர். ஒருவருக்கு அனுப்பிய கடிதம் இன்னொருவருக்குப் போவது வாராந்திர நிகழ்ச்சி. ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, நம்மைப் போல அப்பா பெயர்தான். பர்மியருக்கும் அப்படி ஒன்று இல்லை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் பெயர் வெறும் தாண்ட். 'ஊ' என்பது 'திரு' போன்ற மரியாதைச் சொல். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு 'முதற்பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கமாக 'எஃப்என்யூ' என்று அச்சிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் இருக்கும்போதே, அதற்கு முன்னால் தெரியவில்லை என்று ஒரு முத்திரை!

எங்கள் மனிதவளப் பிரிவில் கேட்டுப் பார்த்தேன். 'மென்பொருள் அப்படித்தான்' என்றார்கள். ஜப்பானிய அரசு 2020 ஜனவரி முதல் தன் ஆவணங்களில் ஜப்பானியர் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போதும் குடும்பப் பெயரை முன்னால் போடுகிறது. சொந்தப் பெயரை முன்னால் போட்டுவந்த நெடுங்காலப் பழக்கத்தை ஓர் அரசாங்கமே மாற்றிக்கொண்டது. நான் கேட்பது இரண்டே கட்டங்கள். முழுப் பெயருக்கு ஒன்று, 'உங்களை எப்படிக் கூப்பிட வேண்டும்?' என்பதற்கு ஒன்று. அடுத்த முறை இதைப் பற்றிக் கட்டுரை வெளியிடும்போது உங்கள் நிருபர் மனிதவள அதிகாரிகள் யாரிடமாவது இதைக் கேட்டு எழுதட்டும்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். சந்தா விவரத்தில் நீங்களும் அப்பா பெயரைத்தான் அச்சடித்து அனுப்புகிறீர்கள்.

இப்படிக்கு,
வாசகி