புள்ளிக் கணக்கை விடுங்கள், விழுக்காட்டைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குச் சந்தை பெரிதாகச் சரிந்த மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இரண்டு வரிகள் தவறாமல் வந்துவிடுகின்றன. ஒன்று, 'இத்தனை ஆயிரம் புள்ளிகள் வீழ்ச்சி'. மற்றொன்று, 'முதலீட்டாளர்களின் இத்தனை லட்சம் கோடி மாயம்'. இரண்டும் பொய்யல்ல. ஆனால் சேமிப்பைச் சந்தையில் போட்டு வைத்திருக்கும் ஒருவர், அன்று காலை என்ன செய்வது என்று முடிவெடுக்க இரண்டுமே உதவாது. விற்றுத் தொலைக்கலாம் என்ற பதற்றத்தைத்தான் கிளப்பும்.

குறியீட்டெண், அதாவது முக்கிய நிறுவனங்களின் பங்கு விலைகளைச் சேர்த்துக் கணக்கிடும் எண், 20,000-ல் இருக்கும்போது 1,000 புள்ளி இறங்கினால் அது 5 விழுக்காடு. 80,000-ல் அதே 1,000 புள்ளி வெறும் 1.25 விழுக்காடு. சந்தை வளர வளர, 'வரலாறு காணாத புள்ளிச் சரிவு' அடிக்கடி வரத்தான் செய்யும். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் 508 புள்ளிதான் இறங்கியது. இன்றைக்கு அது உள்பக்கச் செய்தி. அன்றைக்கு அது 22.6 விழுக்காடு; ஒரே நாளில் அதைவிடப் பெரிய சரிவை அந்தக் குறியீட்டெண் இன்றுவரை கண்டதில்லை. இன்னொரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை: அந்த 1987-ஆம் ஆண்டை டவ் ஜோன்ஸ் சிறு ஏற்றத்தோடுதான் முடித்தது.

'மாயமான கோடிகள்' எப்படி வருகின்றன? அன்று கடைசியாகக் கைமாறிய பங்குகளின் விலையை எடுத்து, அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளோடு பெருக்குகிறார்கள். கைமாறியது என்னவோ மொத்தப் பங்குகளில் மிகச் சிறிய பகுதி. எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்திருந்தால் நேற்றைய விலையும் யாருக்கும் கிடைத்திருக்காது. அதற்காக, 'விற்றால்தானே நஷ்டம், அதுவரை வெறும் காகிதக் கணக்கு' என்று ஆறுதல் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 100-க்கு வாங்கியது இன்று 70 என்றால் அதன் மதிப்பு 70தான். தேவைப்படும் நாளுக்குள் அது திரும்ப ஏறுமா என்பதே கேள்வி. அதற்கு விடை சந்தையில் பாதி, நம்மிடம் பாதி இருக்கிறது. இந்தப் பணம் எப்போது தேவை, இது யாருடைய பணம், இதைக் கொடுத்து எதை வாங்கியிருக்கிறோம் என்ற மூன்றையும் பார்த்தால் நம் பாதி தெரிந்துவிடும்.

முதலில் காலம். 2020-ல் அமெரிக்காவின் இன்னொரு குறியீட்டெண்ணான எஸ் அண்ட் பி 500 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை 34 விழுக்காடு விழுந்து, அதே ஆண்டு ஆகஸ்டில் பழைய உச்சத்தைத் தொட்டது. 2007 அக்டோபரில் தொடங்கிய சரிவு 2009 மார்ச்சில் 57 விழுக்காட்டில் போய் நின்றது. பழைய உச்சத்துக்கு வர 2013 ஆகிவிட்டது. அமெரிக்காவின் மற்றொரு குறியீட்டெண்ணான நாஸ்டாக் 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை மீண்டும் பார்த்தது 2015-ல். ஜப்பானின் நிக்கேய் குறியீட்டெண் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை காத்திருந்தது, அதாவது 34 ஆண்டுகள். 'சந்தை எப்படியும் திரும்பி வரும்' என்பவர்கள் முதல் உதாரணத்தை மட்டும் காட்டுவார்கள். நிறுவனங்கள் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குத் தரும் ஈவுத்தொகையைச் சேர்த்தால் இந்தக் காலங்கள் சற்றுச் சுருங்கும் என்பது உண்மை. என்றாலும், அடுத்த ஆண்டு கல்லூரிக் கட்டணத்துக்கோ வீட்டுக்கு முன்பணத்துக்கோ வைத்திருக்கும் தொகை பங்குகளில் இருக்கவே கூடாது. மூன்று ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் வைப்புக் கணக்கிலோ குறுகிய காலக் கடன் பத்திரங்களிலோ இருக்கட்டும். ஏற்கெனவே பங்கில் மாட்டியிருந்தால், சரிந்த பிறகும் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுவது தப்பில்லை. விலை ஏறியதும் எடுக்கலாம் என்று காத்திருந்து, இன்னும் கீழே விற்றவர்கள்தான் அதிகம்.

ஓய்வு பெற்று, சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. 100 இருந்தது, சந்தை 40 விழுக்காடு விழுந்து 60 ஆனது என்றால், பழைய நிலைக்கு வர 67 விழுக்காடு ஏற வேண்டும். அந்த 60-லிருந்து அந்த ஆண்டுச் செலவுக்கு 5 எடுத்துவிட்டால் மீதி 55; இப்போது 82 விழுக்காடு ஏற வேண்டும். அடுத்த ஆண்டும் எடுத்தால் ஏணி இன்னும் நீளும். சரிவு ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் வருவதும் பதினைந்தாவது ஆண்டில் வருவதும் ஒன்றல்ல. நான்கைந்து ஆண்டுச் செலவை முன்கூட்டியே பங்குக்கு வெளியே ஒதுக்கி வைத்தவர், அந்தக் காலத்தில் பங்கை விற்காமலே ஓட்டிவிடலாம்.

இரண்டாவது, கடன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை: கடன் வாங்கிப் பங்கு வாங்குவது சாமானியர்களுக்கு ஆகாது. கையிலிருந்து 100, புரோக்கரிடம் அந்தப் பங்கையே ஈடாக வைத்து வாங்கும் மார்ஜின் கடனாக 100, ஆக 200-க்குப் பங்கு. விலை 30 விழுக்காடு இறங்கினால் பங்கின் மதிப்பு 140. கடன் 100 அப்படியே நிற்கிறது. சொந்தப் பணம் 40தான். சந்தை இழந்தது 30 விழுக்காடு, இவர் இழந்தது 60. அப்போது மேலும் பணம் கட்டு என்று அழைப்பு வரும். கட்ட முடியாவிட்டால் புரோக்கரே விற்றுவிடுவார். அதன் பிறகு விலை பழைய இடத்துக்கே வந்தாலும் இவரிடம் பங்கு இருக்காது. 1929-ல் அமெரிக்காவில் பலர் பத்தில் ஒரு பங்கை மட்டும் கையிலிருந்து போட்டுப் பங்கு வாங்கியிருந்தார்கள். டவ் ஜோன்ஸ் 381-லிருந்து 1932 ஜூலையில் 41-க்கு வந்தபோது, முதல் சில வாரங்களிலேயே அவர்கள் கதை முடிந்திருந்தது. சிறு முன்பணத்தில் பெரிய தொகைக்கு ஒப்பந்தம் போடும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எழுதுவது (கட்டணம் வாங்கிக்கொண்டு, சொன்ன விலையில் வாங்கவோ விற்கவோ பொறுப்பேற்பது) எல்லாம் இதே கடனின் வேறு உருவங்கள்.

சரிவு நாட்களில் நல்ல நிறுவனங்களின் பங்கும் சேர்ந்து விழுவதற்கும் இந்தக் கடன்தான் பெரிய காரணம். அழைப்பு வந்தவர் கெட்ட பங்கை விற்க முடியாது, வாங்க ஆளிருக்காது. விலை போகிற நல்ல பங்கைத்தான் விற்பார். பணம் திரும்பக் கேட்கப்படும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் அதே நிலை. ஆகவே ஒரு பங்கு 20 விழுக்காடு விழுந்தது என்பதை மட்டும் வைத்து அந்த நிறுவனம் கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது, மலிவாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

மூன்றாவது, என்ன வாங்கியிருக்கிறோம் என்பது. குறியீட்டெண்ணில் உள்ள பல நிறுவனங்களின் பங்குகளையும் அப்படியே வைத்திருக்கும் இண்டெக்ஸ் ஃபண்டும் ஒற்றை நிறுவனத்தின் பங்கும் சரிவில் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. குறியீட்டெண்ணில் நலிந்தவை வெளியேற, வளர்பவை உள்ளே வரும். ஒற்றை நிறுவனத்துக்கு அந்த வசதி கிடையாது. 2001-ல் என்ரான், 2008-ல் லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, 'ஆவரேஜ்' செய்கிறோம், சராசரி வாங்கு விலையைக் குறைக்கிறோம் என்று இறங்க இறங்க வாங்கியவர்களும் உடன் மூழ்கினார்கள். 90 விழுக்காடு விழுந்த பங்கை 'இனி எங்கே விழப்போகிறது' என்று வாங்குகிறார்கள். 100-லிருந்து 20-க்கு வந்து, அங்கிருந்து மறுபடி பாதியானால்தான் 90 விழுக்காடு. 20-ல் வாங்கியவரும் இதே வசனத்தைத்தான் சொல்லியிருப்பார். இறங்கும் பங்கை மேலும் வாங்கும் முன், நிறுவனத்தின் கடன் எவ்வளவு, அடுத்த ஆண்டு திருப்பிக் கட்ட வேண்டியது எவ்வளவு, தொழிலிலிருந்து வரும் ரொக்கம் அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். பார்க்கத் தெரியவில்லை என்றால் ஒற்றைப் பங்கில் ஆவரேஜ் வேண்டாம்.

மாதத் தவணையில் ஃபண்ட் வாங்குபவர்களின் நிலை வேறு. மாதம் 1,000 வீதம் யூனிட் விலை 50, 40, 25, 40 என்று போன நான்கு மாதங்களில் 20, 25, 40, 25 என மொத்தம் 110 யூனிட் சேரும். போட்டது 4,000, நான்காம் மாத மதிப்பு 4,400. தொடங்கிய 50-ஐ விலை எட்டாமலே 10 விழுக்காடு லாபம். அந்த லாபம் வந்தது 25-க்கு வாங்கிய 40 யூனிட்டால். பலரும் தவணையை நிறுத்துவது சரியாக அந்த மாதத்தில்தான். ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு, விளம்பரங்கள் அதைச் சொல்வதில்லை. பல ஆண்டுகள் கட்டி, கையிருப்பு நூறு தவணைக்குச் சமமாகிவிட்டவருக்குப் புதிய தவணை என்பது கையிருப்பில் ஒரு விழுக்காடு. அது சராசரியை அசைக்காது. அவருக்குப் பயன்படுவது பங்கீடு, அதாவது பணத்தைப் பங்குக்கும் கடன் பத்திரத்துக்கும் ஒரு விகிதத்தில் பிரித்து வைப்பது.

பங்குக்கு 60, கடன் பத்திரங்களுக்கு 40 என்று வைத்திருப்பவரின் பங்குகள் 40 விழுக்காடு விழுந்தால் 36-ம் 40-ம் சேர்ந்து 76 மிஞ்சும். பழைய விகிதத்துக்கு வர, கடன் பத்திரத்திலிருந்து 9.6-ஐ எடுத்துப் பங்கில் போட வேண்டும். பிறகு பங்கு விலைகள் பழைய உயரத்துக்கே திரும்பினால், வட்டியைச் சேர்க்காமலே 106.4 இருக்கும். இதற்குச் சந்தையின் அடிமட்டத்தைக் கணிக்கத் தேவையில்லை. விகிதம் 5 விழுக்காட்டுப் புள்ளிக்கு மேல் விலகினால் மாற்றுவேன் என்று அமைதியான நாளிலேயே எழுதி வைத்தால் போதும். செய்வது கடினம்தான், எல்லோரும் ஓடும் திசைக்கு எதிரே நடக்க வேண்டியிருக்கும்.

விற்றுவிட்டு, அடங்கியதும் திரும்ப வாங்கலாம் என்பவர் இரண்டு முறை சரியாகக் கணிக்க வேண்டும். 2008 அக்டோபரின் ஒரு வாரத்தில் எஸ் அண்ட் பி 500 சுமார் 18 விழுக்காடு விழுந்தது. வெள்ளிக்கிழமை பயந்து விற்றவர், திங்களன்று ஒரே நாளில் வந்த 11.6 விழுக்காடு ஏற்றத்தைத் தவறவிட்டார். அந்தத் திங்களன்று 'சரிவு முடிந்தது' என்று வாங்கியவரும் பிழைத்தார் இல்லை. சந்தை அடிமட்டத்துக்குப் போனது அடுத்த மார்ச்சில். பெரிய ஏற்றங்கள் பெரிய சரிவுகளை ஒட்டியே வருவதால் நாள் பார்த்து வெளியேறி நாள் பார்த்து நுழைவது நடக்கிற காரியமில்லை.

விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் ஸ்டாப் லாஸ் போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 90-ல் விற்கச் சொல்லியிருந்தாலும், சந்தை திறக்கும்போதே விலை 78 என்றால் சாதாரண ஸ்டாப் லாஸ் 78-லேயே விற்கும். 2010 மே 6 அன்று ஏற்கெனவே இறங்கியிருந்த டவ் ஜோன்ஸ் சில நிமிடங்களில் மேலும் சரிந்து, அன்றைய இறக்கம் சுமார் 9 விழுக்காட்டைத் தொட்டு, உடனே எழுந்தபோது, பெரிய நிறுவனப் பங்குகள் சில ஒரு சென்ட்டுக்குக்கூடக் கைமாறின. மிக மோசமான விலைகளில் நடந்தவற்றைச் சந்தைகள் பின்னர் ரத்து செய்தன. அதற்குச் சற்று மேலே நடந்தவை ரத்தாகவில்லை.

ஐயா, அமெரிக்கச் சந்தையின் நீண்ட வரலாற்றில் தினசரிக் கணக்கில் பாதிக்குச் சற்றே குறைவான நாட்கள் இறக்கத்தில்தான் முடிந்திருக்கின்றன. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒன்று. தினமும் செல்பேசியில் விலை பார்ப்பவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கும் ஒரே சந்தை இரண்டு விதமாகத் தெரிவது இதனால்தான். நாளிதழ் தினமும் வருவது, அதைத் தவிர்க்க முடியாது. எனவே சரிவுச் செய்தியோடு மூன்று எண்களையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: அன்றைய இறக்கம் எத்தனை விழுக்காடு, கடைசி உச்சத்திலிருந்து எத்தனை விழுக்காடு, இதே அளவில் குறியீட்டெண் இதற்குமுன் எந்த மாதம் இருந்தது. தலையில் கை வைத்துத் திரையைப் பார்க்கும் புரோக்கரின் படத்தைச் சற்றுச் சிறிதாக்கினால் இதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
நிதித் திட்டமிடல் துறையிலிருக்கும் வாசகர்