உலகப் பண்பாட்டுக் கல்விப் பிரிவு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, மும்பைவாழ் தமிழ்ச் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு கொடி வரையும் போட்டியும் மாறுவேடப் போட்டியும் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும்தான். ஆனால் ஒரு நாட்டு மக்கள் யாரோடு பழகினார்கள், எதைக் கொண்டாடினார்கள் என்பது அவற்றால் தெரிய வராது. அதனால் முதலில் ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்தினோம். தாராவி, சயான், செம்பூர் பகுதிகளிலிருந்து வந்திருந்தார்கள்.

பாடமாக எடுத்துக்கொண்டது காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் பயணத்தையொட்டி 1409ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்டது. 1911இல் இலங்கையின் காலியில் கிடைத்து, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும் காணிக்கை சொல்கிறது. சிதைந்துபோன பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபைச் சேர்ந்தது. பொன், வெள்ளி, பட்டு என்று காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றேதான். மூன்று குழுவாகப் பிரிந்து ஆளுக்கொரு பகுதியைப் படித்த ஆசிரியர்கள், பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அரங்கமே கலகலத்துவிட்டது.

பிறகு இதையே மாணவர்களிடம் கொண்டுபோனோம். “சீனாக்காரங்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்தது யாரு டீச்சர்?” என்று ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். யார் என்று கல்வெட்டு சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே அடுத்த வகுப்பு சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்துக்குப் போனது. அங்கே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. சிவன் கோயில் ஒன்றும் இருந்திருக்கிறது. பாடப்புத்தகத்தைத் தாண்டிக் கேட்க வைப்பதுதான் நமது வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஊருக்குள்ளேயும் சுற்றினோம். 1860இல் ஈரானிய வணிகர் ஒருவர் எழுப்பிய முகல் மசூதியின் நீல ஓடுகளையும், பாக்தாத் யூதர் வழிவந்த சசூன் குடும்பத்தார் 1884இல் கட்டிய கெனசெத் எலியாஹூ தொழுகைக்கூடத்தையும் பிள்ளைகள் பார்த்தார்கள்.

மலேசியத் தமிழ்ப்பள்ளி ஒன்றோடு காணொளி உரையாடலும் நடந்தது. நமக்குக் காலை எட்டு மணி, அவர்களுக்குப் பத்தரை. தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறான நாசி லெமாக் பற்றி நம் பிள்ளைகளும், வடாபாவ் பற்றி அவர்களும் விடாமல் கேட்டார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பே அடுத்த ஆசிரியர் பயிலரங்கை நடத்தவும், புரொஜெக்டர் ஒன்று வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.