கூட்ட மேசையில் பாக்கிப் பட்டியலையும் வையுங்கள்

சில்லறை வணிக நிறுவனங்களிலும் தொழில்நுட்ப நிறுவனங்களிலும் இயக்குநர் குழுவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் கணக்கு எழுதுகிறவன். பெரிய கடைச் சங்கிலிகளுக்குச் சரக்கு கொடுக்கும் சிறு நிறுவனங்களில்தான் என் வேலைக்காலம் முழுக்கக் கழிந்திருக்கிறது. உங்களில் யாரையும் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் நிறுவனம் தடுமாற ஆரம்பித்தால் அது எங்களுக்கு எப்படித் தெரியவரும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். 30 நாளில் வந்துகொண்டிருந்த பணம் 45 நாளாகும். அப்புறம் 60, 90. பில்லில் ஏதோ ஒரு எண் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். கொள்முதல் பிரிவில் பத்து வருடமாகப் பேசிப் பழகியவர் போய்விட்டிருப்பார். புதிதாக வந்தவருக்கு நம் பெயரே தெரியாது. ஆர்டர் மட்டும் நிற்காது. கடைசியில் ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து தபால் வரும்: உங்களுக்கு வரவேண்டிய தொகையை இந்தப் படிவத்தில் நிரப்பி அனுப்பவும்.

அப்படி ஒரு தபாலை நான் பிரித்திருக்கிறேன். அந்தச் சங்கிலியின் பெயர் இங்கே வேண்டாம். 'பிணை இல்லாமல் கடன் கொடுத்தவர்' என்று எங்களுக்கு ஒரு பெயர் இருப்பதே அன்றைக்குத்தான் எங்கள் முதலாளிக்குத் தெரிந்தது. நாங்கள் கடன் கொடுத்ததாக நினைக்கவே இல்லை. சரக்கு கொடுத்தோம், பணம் பிறகு வரும் என்று இருந்தோம், அவ்வளவுதான். வரிசையில் வங்கி முன்னால் நின்றது, கடன் பத்திரம் வாங்கியவர்கள் அடுத்து, வழக்கறிஞர்களின் கட்டணம் அதற்கும் முன்னால். எங்கள் முறை வந்தபோது பெட்டியில் ஒன்றும் பெரிதாக மிச்சமில்லை. அந்த வருடம் எங்கள் பட்டறையில் வேலை செய்தவர்களில் பாதிப்பேரை அனுப்பவேண்டி வந்தது. அவர்களுக்கான கடைசிக் கணக்கையும் நான்தான் போட்டேன்.

இதை அனுதாபம் கேட்டு எழுதவில்லை. ஒரு நிறுவனம் விழும்போது நீங்கள் சொல்லும் காரணத்தைப் பற்றிப் பேசவேண்டும். "தொழில்நுட்பம் மாறிவிட்டது, வாடிக்கையாளரின் பழக்கம் மாறிவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும்?" இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கடைச் சங்கிலியான சியர்ஸ் தன் பெரிய தபால்வழி விற்பனைப் பட்டியலை 1993-இல் நிறுத்தியது, அமேசான் தொடங்கியது 1994-இல். காலம் மாறியதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த, படித்த கணக்குகளில் காலம் மட்டும் தனியாக ஒரு நிறுவனத்தைக் கொன்றதாகத் தெரியவில்லை. அதற்கு முன்பே கூட்ட மேசையில் எடுத்த ஒரு முடிவு அதன் கையிருப்பைக் காலி செய்திருக்கும்.

ஒரே தொழிலில் இருந்த இரண்டு கடைகளை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்யூட் சிட்டியும் பெஸ்ட் பையும் தொலைக்காட்சி, கணினி விற்ற அமெரிக்கச் சங்கிலிகள். 2007 மார்ச்சில் சர்க்யூட் சிட்டி கடைகளில் நின்று விற்ற 3,400 பேரை ஒரே வீச்சில் நீக்கியது. அந்த வேலைக்கு நிறுவனம் கணித்த சந்தைச் சம்பளத்தைவிட அவர்கள் அதிகம் வாங்குகிறார்கள் என்பதுதான் காரணம். அதிகம் வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் பல வருடம் இருந்தவர்கள், எந்தக் கருவிக்கு எந்தக் கம்பி பொருந்தும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரிந்தவர்கள். அந்தக் காலாண்டின் செலவுக் கணக்கில் அது சேமிப்பாகத்தான் தெரிந்திருக்கும். 2008 நவம்பரில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. 2009-இல் கடைகள் எல்லாம் மூடின.

பெஸ்ட் பையையும் 2012-இல் எல்லாரும் கைகழுவிவிட்டார்கள். மக்கள் கடைக்கு வந்து பொருளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இணையத்தில் வாங்குகிறார்கள், இனி அது வெறும் காட்சிக்கூடம் என்றார்கள். அந்த வருடம் தலைமைக்கு வந்த யூபர்ட் ஜோலி தன் முதல் நாட்களை ஒரு கடையில், ஊழியர்களின் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கழித்தார். முன்பு வெட்டப்பட்டிருந்த ஊழியர் தள்ளுபடியைத் திரும்பக் கொடுத்தார். இணைய விலைக்கே கடையிலும் தருகிறோம் என்று அறிவித்தார்கள். சாம்சங் போன்ற நிறுவனங்களுக்குக் கடைக்குள்ளேயே தனி இடம் கொடுத்து, அதை ஒரு வருமானமாக ஆக்கினார்கள். காட்சிக்கூடம் என்ற வசவையே தொழிலாக மாற்றிவிட்டார்கள். இணையம் இருவருக்கும் ஒரே இணையம்தான்.

கடன் விஷயத்துக்கு வருகிறேன். என் கோபமும் அங்கேதான் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. பொம்மைக் கடைச் சங்கிலியான டாய்ஸ் ஆர் அஸ் நிறுவனத்தை 2005-இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் 660 கோடி டாலருக்கு வாங்கின. அதில் பெரும்பகுதி கடன். வாங்கியவர்கள் பட்ட கடனைக் கட்டவேண்டிய பொறுப்பு வாங்கப்பட்ட கடையின் தலையில் ஏறியது. ஆண்டுக்குச் சுமார் 40 கோடி டாலர் வட்டிக்கே போனது. கடையைப் புதுப்பிக்கவும், இணைய விற்பனையைக் கட்டவும், ஊழியருக்குப் பயிற்சி கொடுக்கவும் செலவாகியிருக்க வேண்டிய பணம் அது. 2017 செப்டம்பரில் திவால் பேச்சு செய்தியில் வந்ததும், சில நாட்களுக்குள் சரக்கு கொடுப்பவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் கையில் பணம் வைத்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டார்கள். இதை நிறுவனமே நீதிமன்றத்தில் சொன்னது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடைகள் மூடியபோது 30,000 பேருக்கு மேல் வேலை போனது. பணிநீக்கத் தொகையே இல்லை என்ற நிலை. ஊழியர்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான், முதலாளிகளாக இருந்த நிறுவனங்களில் இரண்டு சேர்ந்து 2 கோடி டாலர் நிதி ஒன்றை ஒதுக்கின.

"சரக்கு கொடுப்பவர்கள் பயந்து ஓடியதால்தான் விழுந்தது" என்று அப்போது சிலர் எழுதினார்கள். சரக்கு கொடுப்பவனின் இடத்திலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். மனு கொடுத்த பிறகு, நீதிமன்றத்தின் கண் முன்னால் நடக்கிறது என்று நம்பிச் சரக்கு அனுப்பியவர்களில்கூடப் பலருக்கு முழுப் பணம் வரவில்லை. நம்பினால் நாம் மூழ்குவோம். நம்பாவிட்டால் கடை மூழ்கும். இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு எங்களைக் கொண்டுவந்து விடுவது யார்?

இங்கே ஒரு கணக்கைச் சொல்லவேண்டும், ஏனென்றால் வளரும்போது யாரும் இதைக் கவனிப்பதில்லை. உங்கள் கடை இன்றைக்குச் சரக்கை வாங்கி 30 நாளில் விற்றுவிடுகிறது, எங்களுக்கு 60 நாளில் பணம் கொடுக்கிறது என்று வையுங்கள். நடுவில் 30 நாள் எங்கள் பணம் உங்கள் கையில். விற்பனை ஏறிக்கொண்டே இருந்தால் இந்தப் பணமும் ஏறிக்கொண்டே இருக்கும். லாபமே இல்லாத நிறுவனம்கூடக் கை நிறையக் காசோடு தெரியும். அதைக் கொண்டு புதுக் கிளை திறக்கலாம், விளம்பரம் செய்யலாம். விற்பனை இறங்கும்போதுதான் சக்கரம் பின்னால் சுற்றும். நன்றாக விற்ற காலாண்டில் வாங்கிய பெரிய பில்லை, மோசமான காலாண்டின் சிறிய வசூலிலிருந்து கட்டவேண்டும். அதே நேரத்தில் நீங்கள் பணம் தராவிட்டால் ஈடு தருவதாக எங்கள் பில்களுக்குக் காப்பீடு கொடுத்த நிறுவனங்கள் கையை விரித்துவிடும். நாங்கள் கடன் நாட்களைக் குறைப்போம். அலமாரி காலியாகும். காலி அலமாரியைப் பார்த்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். பத்து சதவீத விற்பனைச் சரிவு நிறுவனத்தையே விழுங்குவது இப்படித்தான்.

வீட்டுப் பொருள் விற்ற அமெரிக்கச் சங்கிலியான பெட் பாத் அண்ட் பியாண்டில் இதே கதைதான். 2022-இல் சரக்கு கொடுப்பவர்கள் கடனை இறுக்கினார்கள், அலமாரிகள் காலியாகின, 2023 ஏப்ரலில் திவால் மனு. அந்த நிறுவனம் 2004 முதல் தன் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்டது 1,100 கோடி டாலருக்கு மேல். திவாலானபோது இருந்த கடன் சுமார் 520 கோடி டாலர். நான் அந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அந்தக் கூட்டங்களில் யாராவது அப்படி எழுதிப் பார்த்திருப்பார்களா?

தொழில்நுட்ப நிறுவனங்களின் நோய் வேறு மாதிரி. அங்கே பெரும்பாலும் வங்கிக் கடன் இல்லை, முதலீட்டாளரின் பணம் இருக்கிறது. ஒவ்வொரு விற்பனையிலும் நட்டம், ஆனால் விற்பனை கூடுகிறது, ஆகவே மதிப்பு கூடுகிறது. திரையரங்கில் படம் பார்க்கச் சந்தா விற்ற மூவிபாஸ் 2017 ஆகஸ்டில் மாதம் 9.95 டாலருக்குத் தினம் ஒரு படம் என்றது. அமெரிக்காவில் அப்போது சராசரி டிக்கெட் விலை 9 டாலரை ஒட்டி இருந்தது. திரையரங்குக்கு மூவிபாஸ் முழு விலையையும் கொடுத்தது. மாதம் இரண்டு படம் பார்த்தாலே அந்த உறுப்பினர் நட்டக் கணக்கு. சந்தா கட்டிவிட்டு வராமல் இருப்பவர்களின் காசில், வருகிறவர்களுக்குச் சேவை கொடுப்பதுதான் இப்படிப்பட்ட தொழிலின் அடிப்படை. ஆனால் இதில் முதலில் ஓடிவந்து சேர்ந்தவர்கள் வாரம் தவறாமல் படம் பார்க்கிறவர்கள். 2018-இல் 30 லட்சம் உறுப்பினர்கள் இருந்தார்கள். 2019 செப்டம்பரில் சேவை நின்றது. இந்தக் கணக்கைப் போடக் கணினிகூடத் தேவையில்லை.

வீவர்க் நிறுவனமோ அலுவலகக் கட்டடங்களைப் பல வருட ஒப்பந்தத்தில் வாடகைக்கு எடுத்து, மாதக் கணக்கில் உள்வாடகைக்கு விட்டது. தரவேண்டியது நீண்ட காலம் உறுதி, வரவேண்டியது அடுத்த மாதமே நிற்கலாம். 2018-இல் சுமார் 180 கோடி டாலர் வருமானத்துக்கு ஏறத்தாழ 190 கோடி டாலர் நட்டம். அப்போது அவர்கள் 'கம்யூனிட்டி அட்ஜஸ்டட் எபிட்டா' என்று ஒரு கணக்கை உருவாக்கினார்கள். எபிட்டா என்றால் வட்டி, வரி, தேய்மானம் கழிக்காத லாபம்; இவர்கள் அதற்கும் மேலே போனார்கள். விளம்பரம், நிர்வாகம், புதுக் கிளைச் செலவு இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் லாபம் தெரியும். என் தொழிலில் இருப்பவர்கள் இதற்கு வெட்கப்படவேண்டும். 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட நிறுவனம் அது. 2023 நவம்பரில் திவால் மனு.

இன்னொரு பணமும் இருக்கிறது: வாடிக்கையாளர் முன்கூட்டியே கட்டியது. பரிசு அட்டை, சந்தா, தவணைச் சேமிப்பு. பிரிட்டனில் ஃபேர்பாக் என்ற நிறுவனம் கிறிஸ்துமஸுக்காக மாதாமாதம் சிறு தொகை வாங்கிச் சேமித்துக் கொடுத்தது. சேர்ந்தவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பத்தார். 2006 அக்டோபரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, நிறுவனம் விழுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சேமிப்பு, தனிக் கணக்கில் இல்லாமல், குழுமத்தின் பணத்தோடு கலந்து போயிருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு விற்பனை வளர்ச்சிப் படத்தோடு, யாருக்கு எத்தனை நாளாகப் பணம் பாக்கி என்ற பட்டியலையும் கொண்டுவரச் சொல்லுங்கள். கணக்குப் பிரிவில் அது ஏற்கெனவே இருக்கும், கேட்டால் பத்து நிமிடத்தில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். சராசரி நாட்கள் ஏறிக்கொண்டே போனால் உங்கள் லாபக் கணக்கு என்ன சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரே ஒரு ஆர்டரை எடுத்து, தள்ளுபடி, டெலிவரி, திரும்பி வந்த பொருளின் செலவு, அந்த வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன விளம்பரம் எல்லாவற்றையும் கழித்துக் காட்டச் சொல்லுங்கள். 'இப்போது நட்டம்தான், அளவு கூடினால் சரியாகிவிடும்' என்றால், எந்தச் செலவு, எத்தனை ஆர்டரில், எவ்வளவு குறையும் என்று கேளுங்கள். சில செலவு குறையும். வாசல்வரை பொருளைக் கொண்டுவரும் ஆளின் நேரம் அவ்வளவாகக் குறையாது. பங்கைத் திரும்ப வாங்கும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடும்முன் எந்தக் கடன் எந்த ஆண்டில் முதிர்கிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் முன்பணத்தைத் தனிக் கணக்கில் வையுங்கள், சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் முக்கியமாக இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். திவால் வழக்கறிஞரை நியமிக்கும் நாளிலிருந்து கடனில் புதுச் சரக்குக்கு ஆர்டர் போடாதீர்கள். பணம் கொடுத்து வாங்குங்கள், குறைவாக வாங்குங்கள், இல்லை உண்மையைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்கச் சட்டத்தில் மனுவுக்கு முந்தைய 20 நாளில் வந்து சேர்ந்த சரக்குக்கு ஒரு முன்னுரிமை உண்டு. அதற்கு முன்னால் கொடுத்தவருக்கு அதுவும் இல்லை. வெளியே சொன்னால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்பீர்கள். சிலர் ஓடுவார்கள்தான். பத்து இருபது வருடம் பழகியவர்களில் பலர் நிற்பார்கள், எங்கள் முதலாளி நின்றிருப்பார். அவரிடம் யாரும் கேட்கவே இல்லை.

எங்களுக்கு வந்த கடைசி ஆர்டரின் தேதிக்கும் அவர்களின் மனுவுக்கும் இடையே ஐந்து வாரம். வழக்கத்தைவிடப் பெரிய ஆர்டர். அதை முடித்துக் கொடுக்க எங்கள் ஆட்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர்